எண்பது வருடம் என்று எழுதிய சீட்டு

அந்தச் சீட்டை எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப் போட்டால் எனக்கு வாய் வராது.

பழைய கம்பளங்கள் விற்கும் கடையில் இருபத்திரண்டு வருடம் கூலி வேலை பார்த்தேன். சுமப்பது, விரிப்பது, உதறுவது, துவைப்பது, மறுபடி சுருட்டுவது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே நாற்பத்தெட்டு வயதில்தான், தொழிலாளர் சங்கத்தில் நடந்த சாயங்கால வகுப்பில். கற்றுக்கொண்ட மறுமாதமே முதலாளி சீட்டு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு கம்பளத்தின் மூலையிலும் நூலில் கட்டிய அட்டை ஒன்று தொங்கும். நீளம், அகலம், என்ன நூல், எத்தனை வருடப் பழசு என்று அதில் எழுத வேண்டும்.

"உன் கையெழுத்து கோணலா இருக்கறது ஒரு விதத்துல நல்லதுடா" என்றார் முதலாளி. "பாக்கறவங்களுக்குச் சீட்டும் பழசுன்னு தோணும்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. நான் எழுதியதை வக்கீலும் டாக்டரும் குனிந்து படிக்கிறார்கள். முதல் சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் என் மனைவியிடம் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் வாங்கிப் பார்த்து, முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

கடையில் இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. பழைய கம்பளத்தில் கால் பட்டுப் பட்டு மயிர் தேய்ந்து, அடியில் இருக்கும் நூல் வெள்ளையாகத் தெரியும். அந்த இடத்தில் சின்ன பிரஷ்ஷால் சாயம் தொட்டு வைப்போம். 'மை போடுவது' என்று எங்களுக்குள் பேர். மை போட்டால் ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தேய்மானம் தெரியாது. பிறகு வினிகர் கலந்த தண்ணீரைத் தெளித்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். அப்படிச் செய்தாலும் சாயம் முழுசாகப் பிடித்துவிடாது.

"இது ஏமாத்து இல்லடா, மேக்கப்பு" என்பார் முதலாளி.

வேன் ஓட்டுகிறவன் விடமாட்டான். எதிரே ஈ காக்கை இல்லாத தெருவிலும் ஹாரன் அடிப்பதால் அவனுக்கு 'ஹாரன்' என்றே பேர் ஆகிவிட்டது. "அண்ணே, கிழவனுக்கு டை அடிக்கற வேலைதானே இது? மழையில நனைஞ்சா மாப்பிள்ளை லட்சணம் தெரிஞ்சிடும்" என்பான்.

எத்தனை தேய்த்துக் கழுவினாலும் என் நக இடுக்கில் சிவப்பு போகாது. சட்டைக் கை மடிப்பிலும் இருக்கும். துவைக்கிறவள் என் மனைவி.

என் மனைவி ஆறு வருடமாக ஒரு வக்கீலம்மா வீட்டில் வேலை பார்த்தாள். வீடு கூட்டி, துடைத்து, பாத்திரம் தேய்ப்பாள். வக்கீலம்மா அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வீட்டுச் சாவி ஒன்று இவள் இடுப்பிலேயே இருக்கும். அவர்கள் புது வீட்டுக்குக் குடி போனபோது, பெரிய ஹாலைப் பார்த்துவிட்டு, ஒரு நல்ல பழைய கம்பளம் வாங்க வேண்டும் என்றாராம் வக்கீலம்மா.

அன்று என் மனைவி வீட்டுக்குள் வந்ததே ஒரு தினுசாக இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"உங்களப் பத்திச் சொல்லிட்டு வந்திருக்கேன். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாத கம்பளமே கிடையாது, அவர் பாத்துச் சொன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்னு."

"அப்படியா சொன்ன?"

"பின்ன? பொய்யா?"

எங்கள் கடையில் ஒரு வழக்கம். கம்பளத்தைக் கடையில் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டோம். கடை வெளிச்சம் வேறு, வீட்டு வெளிச்சம் வேறு. வீட்டுக்கே கொண்டுபோய் விரித்துக் காட்டுவோம். எப்போதும் இரண்டு போகும். ஒன்று விற்க வேண்டியது. மற்றது அதற்குத் துணைக்கு வருவது. துணைக்கு வருவது கொஞ்சம் மங்கலாக, ஓரம் கிழிந்ததாக இருக்கும். அதைப் பார்த்த கண்ணுக்கு முதலாவது பளிச்சென்று தெரியும்.

அப்போது துணைக்குப் போய்க்கொண்டிருந்தது ஒரு நீலக் கம்பளம். 'துணைக்காரன்' என்று கூப்பிடுவோம். எத்தனையோ வீட்டு மாடிப்படியில் என் தோளில் ஏறி இறங்கியிருக்கிறான். விஷயம் என்னவென்றால், கடையில் இருந்ததிலேயே நிஜமாக வயதானவன் அவன்தான். கையால் போட்ட முடிச்சு, மை படாத உடம்பு. ஓரக் கிழிசலைத் தைத்தால் இன்னும் இரண்டு தலைமுறைக்கு உழைப்பான். கிழிசலைத் தைத்துவிட்டால் துணைக்கு ஆளில்லாமல் போகும் என்று முதலாளி தைக்கவிடவில்லை.

விற்க வேண்டியது சிவப்பு. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். நடுவில் நன்றாகத் தேய்ந்து போயிருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து மை போட்டேன். அந்த வாரம் முழுக்க மேகமூட்டம், வெயிலே இல்லை. காயட்டும் முதலாளி என்று நான் சொன்னதற்கு, "வீட்டுக்குள்ளதானே கிடக்கப் போகுது, என்ன வயல்லயா விரிக்கப் போறாங்க" என்றார். "எண்பதுன்னு எழுது."

எழுதினேன். எண்பது வருடம். 'ண்'ணில் சுழி ஒழுங்காக வந்தது என்று சந்தோஷப்பட்டது கூட ஞாபகம் இருக்கிறது.

வக்கீலம்மா வீட்டு ஹாலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். அவருடைய கணவர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். என் மனைவி அடுக்களை வாசலில் நின்றாள். வேலை நேரத்தில் அவள் அப்படிச் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

"பழசுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றார் வக்கீலம்மா.

சொன்னேன். கவுத்துப் போட்டு முதுகைப் பாருங்கள், முன்பக்கத்துப் பூ முதுகிலும் அதே தெளிவோடு தெரிய வேண்டும். குஞ்சம் தனியாகத் தைத்ததாக இருக்கக் கூடாது, உடம்பு நூலே நீண்டு வந்ததாக இருக்க வேண்டும். மயிரை விரலால் பிரியுங்கள், நுனி வெளுத்து அடிக்குப் போகப் போக நிறம் கூடினால் அது வெயில் பட்டு வந்த வயது. மடித்துப் பாருங்கள், நொறுங்குகிற சத்தம் வந்தால் நூல் செத்துவிட்டது, வேண்டாம். ஹாலில் போடும்போது சோபாவின் முன்கால் இரண்டும் மேலே ஏறியிருக்கட்டும், இல்லையென்றால் கம்பளம் தனியாகத் தீவு மாதிரிக் கிடக்கும்.

எல்லாம் சரியாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் நீலத்தில்தான் செய்து காட்டினேன். கை தானாக அங்கே போனது. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வெள்ளைத் துணியை ஈரம் பண்ணி ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள் என்பதை.

"இவ்ளோ விஷயம் இருக்கா!" என்றார் வக்கீலம்மா.

"நான்தான் சொன்னேனேம்மா" என்றாள் என் மனைவி.

"சரி, உங்க வீட்டுக்கு எடுக்கறதா இருந்தா இதுல எதை எடுப்பீங்க?"

"எங்க வீட்டுல இத விரிச்சா நாங்க வாசல்ல போய்த்தான்மா படுக்கணும்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தும் நான் சொன்னேன்.

"சிவப்பு."

துணைக்காரனைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, ஒப்புக்கு ஒரு வார்த்தை, "கொஞ்ச நாளைக்கு ஈரம் படாம பாத்துக்கங்கம்மா" என்றேன். வக்கீலம்மா காதில் போனை வைத்துக்கொண்டே தலையாட்டினார். அந்த வீட்டில் துடைக்கிறவர் அவரில்லை. துடைக்கிறவள் என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அவளிடம் நான் சொல்லவில்லை. ஏன் படக்கூடாது என்று கேட்பாள். மை போட்டது என்று சொல்ல வேண்டி வரும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அவள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஒன்பதாம் நாள் கடைக்குப் போன் வந்தது. முதலாளி என்னையும் ஹாரனையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஹாலில் கால் வைத்ததுமே தெரிந்தது. கம்பளத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. அதைச் சுற்றி, சந்தன நிறத்தில் இருந்த பூவெல்லாம் சிவப்பு பரவிக் கிடந்தது. என் மனைவி அடுக்களை வாசலில், அன்று நின்ற அதே இடத்தில் நின்றாள். கையில் வெள்ளைத் துணி. அது வெள்ளையாக இல்லை.

"பால் கொட்டிடுச்சு, தொடச்சேன்" என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். காலையிலிருந்து அதையே எத்தனை தடவை சொன்னாளோ.

முதலாளி குனிந்து பார்த்தார். உச்சுக் கொட்டினார். "எண்பது வருஷத்துல இது மேல எத்தனை தண்ணி பட்டிருக்கும்? அப்ப ஓடாத சாயம் இப்ப ஓடுமா? யாரோ கண்ட பவுடரப் போட்டுத் தேச்சிருக்காங்க."

"வெறும் தண்ணிங்க" என்றாள் அவள். "சோப்பு இல்ல, பவுடர் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நான் உன்னச் சொல்லலம்மா, பொதுவாச் சொல்றேன்." முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா. உன் கை பட்ட கம்பளம்தானே?"

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். அவர் கணவர் லேப்டாப்பை மூடிவிட்டுப் பார்த்தார். ஹாரன் தரையைப் பார்த்தான். அவள் மட்டும் நிம்மதியாகப் பார்த்தாள். நம் ஆள் பேசப் போகிறார், இனிமேல் கவலை இல்லை என்கிற பார்வை.

"சோப்புப் போட்டா ஓடும்" என்றேன்.

அது பொய் இல்லை. சோப்புப் போட்டால் ஓடத்தான் செய்யும். இருபத்திரண்டு வருடம் பூசி மெழுகிய கைக்கு, வாய் மட்டும் வேறு எப்படிப் பேசும்?

வக்கீலம்மா சத்தம் போடவில்லை. "அக்கா, உங்க வீட்டுக்காரரே சொல்றாரு. தவறிப் போச்சுன்னா சொல்லியிருக்கலாமே, நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? பொய் எதுக்குக்கா?"

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள், நகத்தை. கையில் இருந்த துணியைப் பார்த்தாள். நான் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். அவர் கையைப் பாருங்கள் அம்மா என்றால் முடிந்தது. அவள் சொல்லவில்லை. துணியைச் சிவப்பு உள்ளே போகும்படி நான்காக மடித்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"சரிம்மா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பும்போது வேனில் முதலாளி என் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரன்டா நீ." ஹாரன் கடை வரும்வரை ஒரு தடவை கூட ஹாரன் அடிக்கவில்லை.

வீட்டில் அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். போதுமா என்று கேட்டாள். என் சட்டையை எப்போதும் போல ஊற வைத்தாள், அந்த வாளியைப் பார்க்க முடியாமல் நான் வெளியே போய் நின்றேன். வக்கீலம்மா வீட்டுத் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டில் வேலை கேட்டுப் போனாள். ஒரு வீட்டில், யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். இன்னொரு வீட்டில் கேட்டே விட்டார்கள், வக்கீல் வீட்டில் பொய் சொன்னது நீதானே என்று.

அதை வந்து சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"திருடின்னு சொல்லியிருந்தாக் கூடப் பரவாயில்லங்க. தேடிப் பாத்துட்டு இல்லன்னு விட்டுருவாங்க. பொய்க்காரின்னுட்டா, இல்லன்னு நான் சொல்றதும் பொய்யாத்தானே ஆகும்?"

"நீ அங்கேயே என்னக் காட்டிக் குடுத்திருக்கலாம்."

"காட்டிக் குடுத்திருந்தா உங்க வேலையும் போயிருக்கும்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நான் நின்னேன்ல அங்க? உங்களுக்கு அஞ்சடி தள்ளி நின்னேன்."

ஐந்தடி. மை போட்டது தெரியாமல் இருக்க நாங்கள் நிறுத்தி வைக்கும் தூரம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு வக்கீலம்மா வீட்டுக்குப் போனேன். மணியை அடித்துவிட்டுத் திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். கதவு திறந்துவிட்டது.

"ஒரு தம்ளர் தண்ணி குடுங்கம்மா" என்றேன். குடிக்க என்று நினைத்துக் கொண்டு வந்து கொடுத்தார். கைக்குட்டையை அதில் நனைத்து, கம்பளத்தில் நான் மை போட்ட இன்னொரு இடத்தில் முட்டி போட்டுத் தேய்த்தேன். தூக்கிக் காட்டினேன்.

வக்கீலம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"யார் பூசினது?"

"நான்."

"எண்பது வருஷம்?"

"நாற்பது கூட இருக்காதும்மா. அந்த நீலம்தான் நிஜமான பழசு."

"இனிமே நீங்க சொல்றதுல எதை நான் நம்பறது?" என்றார். அடுத்த கேள்வி அதைவிட மோசம். "அன்னைக்கு ஏன் சொல்லல? உங்க சம்சாரம்தானே அவங்க?"

கைக்குட்டையை மடித்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. மூலையில் தொங்கிய சீட்டை அறுத்து, திருப்பி, பேனாவோடு என்னிடம் நீட்டினார். "எழுதிக் குடுங்க. நாளைக்குக் காலைல உங்க முதலாளிய வரச் சொல்றேன்."

தரையில் உட்கார்ந்து எழுதினேன். எனக்கு நேரம் பிடிக்கும். அவர் நின்றுகொண்டே இருந்தார். கொடுத்ததும் படித்துவிட்டு, "அக்காவ வரச் சொல்லுங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கம்பளத்தைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு ஓடி வந்தேன் என்றே சொல்லலாம். நடந்ததைச் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன எழுதிக் குடுத்தீங்க?"

மனப்பாடமாக ஒப்பித்தேன். "இந்தக் கம்பளம் எண்பது வருடப் பழசு இல்லை. தேய்ந்த இடத்தில் நான் சாயம் பூசினேன். ஈரம் பட்டாலே ஓடும். இந்தச் சீட்டை எழுதியது நான்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"கம்பளத்தப் பத்தி இருக்கு. சாயத்தப் பத்தி இருக்கு. உங்களப் பத்தி ரெண்டு தடவ இருக்கு." விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். "நான் எங்க இருக்கேன் அதுல?"

எழுத்துத் தெரியாத ஒருத்தி, கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். எழுதியவனுக்குத் தோன்றவே இல்லை.

பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். எழுதி முடித்ததும், "இதுல எது நான்?" என்று கேட்டாள். 'என் மனைவி' என்ற இடத்தில் விரலை வைத்தேன். சிவப்பு நகம். மறைக்கவில்லை.

"சின்னதா இருக்கேன்" என்றாள். "நாளைக்கு உங்க முதலாளி வரும்போது படிங்க. அந்த வேன்காரரும் இருக்கட்டும். அன்னைக்கு இருந்தவங்க அத்தனை பேரும் இருக்கட்டும். நானும் வர்றேன்."

மறுநாள் காலை எல்லோரும் அந்த ஹாலில் நின்றோம். வக்கீலம்மா காட்டிய சீட்டைப் படித்திருந்த முதலாளி என்னைக் கண்டதும் கொதித்தார். "சீட்டு எழுதக் கத்துக்கிட்டது என் தலையில எழுதத்தானாடா?" அதோடு கடை வேலை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வக்கீலம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். வக்கீலம்மாவின் கணவர் அடுக்களைப் பக்கம் போகப் பார்த்தார். அவரையும் உட்காரச் சொன்னார். என் மனைவி வாசல்படியிலேயே நின்றாள், செருப்பைக் கழற்றவில்லை.

தாளைப் பிரித்தேன். எனக்கு மளமளவென்று படிக்க வராது. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். "என் மனைவி சோப்புப் போடவில்லை. பவுடர் போடவில்லை. தண்ணீரில்தான் துடைத்தாள். அவள் சொன்னது உண்மை. அது உண்மை என்று தெரிந்தும் நான்..." அங்கே நின்றுவிட்டது. எழுத்து தெரிகிறது, வாய் வரவில்லை. யாரும் உதவிக்கு வரவில்லை. ஹாரன் தொண்டையைச் செருமினான். வாசலைப் பார்த்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தாள்.

"...நான் அவளைப் பொய்க்காரி ஆக்கினேன்" என்று படித்து முடித்தேன்.

வக்கீலம்மா மேஜை மேலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "அக்கா, என் மேலயும் தப்பு இருக்கு. ஒரு வார்த்தை விசாரிக்காம விட்டுட்டேன். உள்ள வாங்க."

அவள் சாவியைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"முதல்ல அந்த ரெண்டு வீட்டுலயும் சொல்லுங்கம்மா. அப்புறமா வர்றதப் பத்திப் பாக்கலாம்."

"இப்பவே போய்ச் சொல்றேன்" என்றார் வக்கீலம்மா.

அவள் படி இறங்கினாள். நானும் தாளை மடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தெருவில் அவள் முன்னால் நடந்தாள். அவளை எட்டிப் பிடிப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் பக்கத்தில் போய் என்ன பேசுவது? தெருமுனையில் அவள் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். என் கையைப் பிடிக்கத்தான் நீட்டுகிறாள் என்று நினைத்துக் கையைக் கொண்டுபோனேன்.

"அந்தத் தாளக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். சாவி இருந்த இடத்தில், இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.